பேசிப் பேசி ஆறின புண்



நம் கூட்டமைப்பு மலரில் வழக்கமாகச் சேமிப்புக் கணக்கு, வங்கிக் கடன், சாமை, புளி, தேன் விற்பனை பற்றித்தான் எழுதுவோம். இந்தத் தடவை நான் எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டுவிட்டு இரண்டு மூன்று பேர், "இதையெல்லாம் போயி புஸ்தகத்துல எழுதுவாங்களா?" என்றார்கள். ஏன் எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். மார்பில் கட்டி வந்து, மலையிலிருந்து கீழே போய் ஆபரேஷன் செய்து, ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். கீமோ ஊசி முடிந்தது. கரண்ட் வைத்து முடிந்தது. கொட்டின முடியும் வளர்ந்தது. குழுக் கூட்டத்துக்கு முன்போல வந்து சந்தா கட்டினார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நாங்கள் இருந்தோம். ஒருநாள் இரண்டு பேருமாகப் புளி தட்டிக்கொண்டிருந்தபோது தலை நிமிராமலே சொன்னார்: "ஆபரேஷன் ஆனதுலேருந்து அவரு திண்ணையிலதான் படுக்கிறாரு. என்னைப் பார்க்கப் புடிக்கல போல. நானும் அவரு எதிர்ல பொடவ மாத்துறதில்ல."

சில நாள் கழித்து அவர் வீட்டுக்காரர் என் வீட்டுக்காரரிடம் வேறு பேச்சுக்கு நடுவே சொன்னது இது: "தூக்கத்துல தெரியாம கை பட்டு, தையல் பிரிஞ்சிடுமோன்னு பயம். அவளும் என்னைக் கண்டா திரும்பிக்கிறா. கோவமாக்கும்னு நான் வெளியிலேயே இருந்துட்டேன்."

தையல் பிரித்து ஒரு வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது. நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர். எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போடவேண்டும் என்பதெல்லாம் இருவருக்கும் தெரியும். இதை யாரிடமாவது கேட்கலாம் என்பது மட்டும் இருவருக்கும் தெரியவில்லை.

இந்த வாய்மூடல் எத்தனை காலத்துப் பழக்கம் என்று எனக்கு ஒரு கேள்வி வந்தது. நர்சம்மாவிடம் கேட்டும், கிடைத்த புத்தகங்களைப் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். மார்பகப் புற்றுநோயின் வரலாறு பெரியது. நான் அதில் ஒரே ஒரு கேள்வியைத்தான் தேடிக்கொண்டு போனேன்: ஒவ்வொரு காலத்திலும் அந்தப் பெண்ணின் புருசன் எங்கே நின்றான்?

ராணியும் மறைத்தாள்

இன்றைக்குச் சுமார் 2,500 வருசத்துக்கு முன்னால் பாரசீக நாட்டில் அதோசா என்று ஒரு ராணி இருந்தாள். பெரிய அரசன் தாரியஸின் மனைவி. அவள் மார்பில் ஒரு கட்டி வந்தது. சின்னதாக இருந்தவரை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் மறைத்தாள் என்று கிரேக்க நாட்டு வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். கட்டி உடைந்து பரவிய பிறகுதான் டெமோசீடஸ் என்ற வைத்தியரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் குணப்படுத்தினார் என்று அந்தக் கதை போகிறது.

அதே ஆசிரியர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். அந்த வைத்தியர் கேட்டுக்கொண்டபடி, இந்த ராணி படுக்கையில் அரசனிடம் கிரேக்க நாட்டின் மேல் படையெடுக்கச் சொல்லிப் பேசினாளாம். சண்டையைப் பற்றிப் படுக்கையில் பேச முடிந்தது. கட்டியைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை. அரண்மனையில் இருந்தவளுக்கே அந்தக் கதி என்றால், நம் அம்மாவும் பாட்டியும் மறைத்ததில் ஆச்சரியம் என்ன?

வெளியே அனுப்பப்பட்ட கணவர்

அடுத்தது 1811-ல் பாரிஸ் நகரம். ஃபேனி பர்னி என்ற ஆங்கில எழுத்தாளர், பிரெஞ்சுக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்து அங்கே இருந்தார். மார்பில் கட்டி. எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். மயக்க மருந்து வராத காலம் அது. (ஈதர் என்ற மயக்க மருந்தை வைத்து ஆபரேஷன் செய்யலாம் என்று அமெரிக்காவில் எல்லோர் முன்னாலும் செய்து காட்டியது 1846-ல்தான்.) செப்டம்பர் 30 அன்று கருப்பு உடை போட்ட 7 ஆண்கள் வீட்டுக்குள் வந்தார்கள். குடிக்கக் கொஞ்சம் மருந்து கொடுத்து, முகத்தில் மெல்லிய துணியைப் போட்டுவிட்டு அறுத்தார்கள்.

அன்று அவருடைய கணவர் வீட்டில் இல்லை. தன் வேதனையைப் பார்த்து அவர் தாங்கமாட்டார் என்று, அவர் வேலை செய்த இடத்தில் சொல்லி அன்றைக்கு அவரை அங்கேயே நிறுத்திவைக்க ஃபேனி பர்னியே ஏற்பாடு செய்திருந்தார். இதில் அன்பு இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. அன்பினால்தான் அவரை வெளியே அனுப்பினார். பிறகு நடந்ததை எல்லாம் தன் அக்காவுக்குக் கடிதமாக எழுதினார். எழுத உட்கார்ந்தாலே தலைவலி வந்து, அந்த ஒரு கடிதத்தை முடிக்க மாதக்கணக்கில் ஆனது. ஆபரேஷனுக்குப் பிறகு 28 வருசம் உயிரோடு இருந்து 1840-ல் இறந்தார்.

நம் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் செய்தது கிட்டத்தட்ட இதுதான். ஒருத்தர் மனசு நோகக்கூடாது என்று இன்னொருத்தர் விலகினார்கள். ஃபேனி பர்னி தூரத்தில் இருந்த அக்காவுக்கு எழுதியாவது மனசை இறக்கிவைத்தார். நம்மில் எத்தனை பேருக்கு அந்த அக்கா கிடைக்கிறாள்?

அதிகம் வெட்டினால் அதிகம் பிழைக்கலாம்

மயக்க மருந்து வந்த பிறகு டாக்டர்களுக்குத் தைரியம் வந்தது. அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற டாக்டர் 1894-ல் தன் ஆபரேஷன் முறையை எழுதி வெளியிட்டார். மார்பு முழுவதும், அதன் அடியில் இருக்கும் தசை, அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிடுவது. கட்டியின் வேர் எங்கேயும் நின்றுவிடக்கூடாது என்பது அவர் எண்ணம். அதற்கு முன்னால் ஆபரேஷன் செய்த இடத்திலேயே கட்டி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. இந்த முறையில் அது குறைந்தது. அதனால் உலகம் முழுவதும் சுமார் 80 வருசம் இதையே செய்தார்கள்.

அதற்குப் பெண்கள் கொடுத்த விலை பெரியது. தசை போனதால் நெஞ்சு குழிந்துபோனது. கை வீங்கியது, தூக்க முடியவில்லை. அதைவிட ஒன்று: அந்தக் காலத்தில் மயக்கம் கொடுத்து, கட்டியில் கொஞ்சம் எடுத்துச் சோதித்து, புற்றுநோய் என்று தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பை எடுத்துவிடுவார்கள். அந்தப் பெண் கண் விழித்துத் தடவிப் பார்த்துத்தான் மார்பு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொண்டாள். டாக்டர் உயிரைக் காப்பாற்றினார். வீட்டுக்குப் போனபிறகு கண்ணாடி முன்னால் எப்படி நிற்பது, புருசன் பக்கத்தில் எப்படிப் படுப்பது என்பதெல்லாம் அவர் வேலை இல்லை என்று இருந்துவிட்டார். புருசன் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றான்.

நம்ம பக்கத்துக் கதை

நம் வேலூர்ப் பக்கம் அப்போது என்ன நடந்தது? ஐடா ஸ்கடர் பேர் நம்மில் பலருக்குத் தெரியும். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். படிப்பு முடித்து அப்பா அம்மாவைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேர் மனைவிக்கும் பிரசவ வலி. ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனால் ஆம்பிளை டாக்டர் பார்க்கக்கூடாது என்று மூன்று பேருமே சொல்லிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அதன் பிறகுதான் ஐடா டாக்டருக்குப் படிக்கப் போனார். 1900-ல் திரும்பி வந்து வேலூரில் வைத்தியம் ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார். இன்று நாம் பஸ் பிடித்துப் போகிற சி.எம்.சி. ஆஸ்பத்திரி அப்படி வளர்ந்ததுதான். பெண் உடம்பை மறைத்தே ஆகவேண்டும் என்ற பழக்கம் உயிரையே எடுக்கும் என்பதற்கு அந்த ராத்திரி சாட்சி.

இன்னொருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். 1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். அந்தத் துக்கம் அவர் மனசை விட்டுப் போகவில்லை. 30 வருசத்துக்கு மேல் விடாமல் முயற்சி செய்து, 1954-ல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார். ஆரம்பத்தில் 12 படுக்கைதான். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நின்றது இந்திய மாதர் சங்கம் என்ற பெண்கள் அமைப்பு. நம்மைப் போல ஒன்றுகூடிய பெண்கள்தான் அதற்கு நிதி திரட்டினார்கள்.

அடுத்த வருசம், 1955-ல், அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் டாக்டர் சாந்தா. 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த ஆஸ்பத்திரியே அவர் வாழ்க்கை. நம் நாட்டில் பெண்கள் கட்டி பெரிசான பிறகுதான் வருகிறார்கள். அதனால் முதலில் மருந்தும் கதிரும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகு ஆபரேஷன் செய்யும் முறையை அங்கே வளர்த்தெடுத்தார்கள். புற்றுநோய் என்றாலே சாவு என்ற பயத்தைப் போக்க வேண்டும், சீக்கிரம் வந்தால் குணமாகும் என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்

உயிர் பிழைத்த பிறகு வீட்டில் எப்படி வாழ்வது என்ற கேள்வியை முதலில் சத்தமாகக் கேட்டது டாக்டர் அல்ல, ஆபரேஷன் ஆன ஒரு பெண். அமெரிக்காவில் நியூயார்க்கைச் சேர்ந்த டெரெஸ் லாசர். 1952-ல் அவருக்கு மார்பை எடுத்தார்கள். கையை எப்படி அசைப்பது, என்ன உடுத்துவது, புருசனோடு எப்படி இருப்பது என்று அவர் கேட்ட கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. தானே கண்டுபிடித்தார். பிறகு ஆபரேஷன் ஆன மற்ற பெண்களின் கட்டிலுக்கே போய் உட்கார ஆரம்பித்தார். கையில் ஒரு பை இருக்கும். கைப்பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்து, ஒரு கயிறு, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளத் தற்காலிகமாக ஒரு பஞ்சு மார்பு. அவர் கொடுத்த காகிதங்களில் புருசனுக்கென்று தனியாக ஒரு கடிதமும் இருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வராண்டாவில் நின்றவனை உள்ளே கூப்பிட்ட கடிதம் அது. முதலில் டாக்டர்கள் பலருக்கு அவர் வருவது பிடிக்கவில்லை. ஆனால் பெண்களுக்குப் பிடித்தது. ஒருத்தி பத்துப் பேரானார்கள், பத்துப் பேர் ஆயிரமானார்கள். 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அதை ஏற்று நடத்தியது. பிறகு பல நாடுகளுக்கும் பரவியது.

1974-ல் இன்னும் இரண்டு பெண்கள் பேசினார்கள். ஒருவர் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகைக்காரர். "முதலில் சோதனை செய்யுங்கள். என்னை எழுப்பி முடிவைச் சொல்லுங்கள். என்ன செய்வதென்று நானும் சேர்ந்து முடிவெடுக்கிறேன்" என்பது அவர் போராட்டம். 1979-ல் அமெரிக்க அரசு கூட்டிய மருத்துவக் குழுவில் அவரும் உட்கார்ந்தார். ஒரே மயக்கத்தில் சோதனையும் ஆபரேஷனும் செய்வதை விடவேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. இன்னொருவர் ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டு. 1974 செப்டம்பர் 28-ல் அவருக்கு மார்பை எடுத்தார்கள். அதை மறைக்காமல் பத்திரிகைக்குச் சொன்னார். நாடு முழுக்கப் பெண்கள் சோதனைக்கு வரிசையில் நின்றார்கள்.

கத்தி சின்னதான கதை

பெண்கள் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில் டாக்டர்கள் சிலரும் கேள்வி கேட்டார்கள். இவ்வளவு வெட்டத்தான் வேண்டுமா? இத்தாலியில் மிலான் நகரத்தில் உம்பெர்தோ வெரோனேசி 701 பெண்களை வைத்துச் செய்த ஆராய்ச்சியை 1981-ல் வெளியிட்டார். அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷர் 1,843 பெண்களை வைத்துச் செய்ததை 1985-ல் வெளியிட்டார். கட்டி சின்னதாக இருக்கும்போதே வந்தால், கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கரண்ட் வைத்தால் போதும், மார்பு முழுவதையும் எடுத்தவர்களுக்குச் சமமாக இவர்களும் உயிரோடு இருப்பார்கள் என்று தெரிந்தது. 20 வருசம் கழித்து 2002-ல் திரும்பக் கணக்குப் பார்த்தபோதும் அதே பதில்தான் வந்தது.

அந்த ஆராய்ச்சிக்கு உடம்பைக் கொடுத்துச் சம்மதித்த பெண்களின் பேர் எதிலும் இல்லை. நம் மலை அடிவாரத்தில் செங்கம் பக்கம் நடுகல் நிறைய உண்டு. மாடு மீட்கப் போய்க் காயம்பட்டுச் செத்த வீரனுக்கு நட்டது. இந்தப் பெண்களுக்குக் கல் யாரும் நடவில்லை. கட்டியைச் சீக்கிரமாகப் போய்க் காட்டுவதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

புருசனும் பொண்டாட்டியும் தெரிந்துகொள்ள வேண்டியது

இவ்வளவு வருசத்தில் உலகம் கற்றுக்கொண்டதில், அந்த அக்காவுக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் முதல் நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டியதை எழுதுகிறேன். வெட்கப்படாமல் படியுங்கள். வீட்டுக்காரரையும் படிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இது தொத்து நோய் இல்லை. தொட்டாலோ, கட்டிப்பிடித்தாலோ, ஒன்றாகப் படுத்தாலோ பரவாது. உறவு வைத்துக்கொண்டால் கட்டி திரும்ப வரும் என்பதும் பொய்.

புண் ஆறி டாக்டர் சரியென்றால் பழையபடி சேர்ந்து இருக்கலாம். எத்தனை நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். "டாக்டர், நாங்க எப்போ ஒண்ணா இருக்கலாம்?" என்று கேட்டால் அவர் தப்பாக நினைக்கமாட்டார். டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் நர்சம்மாவிடம் கேளுங்கள்.

ஆபரேஷன் செய்த இடம் மரத்துப்போகும், இழுத்துப் பிடிக்கும். இல்லாத மார்பில் அரிப்பு எடுப்பதுபோலக்கூடத் தோன்றும். அது பைத்தியம் இல்லை, நரம்பின் வேலை. எங்கே தொட்டால் வலிக்கிறது, எங்கே வலிக்கவில்லை என்று அவர் கையைப் பிடித்து நீங்களே காட்டுங்கள். அந்தப் பக்கத்தில் பாரம் விழாமல் படுத்துக்கொள்ளுங்கள், ஒரு சின்னத் தலையணையை வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட்டோடு இருக்கத்தான் மனசுக்குத் தைரியம் என்றால் அப்படியே இருக்கலாம்.

கீமோவும், பிறகு வருசக்கணக்கில் போடும் ஹார்மோன் மாத்திரையும் உடம்பை மாற்றும். அசதி வரும். மாதவிலக்கு நின்றுபோகலாம். திடீரென்று உடம்பு கொதிக்கும். ஆசை குறையும். பிறப்புறுப்பில் ஈரம் குறைந்து, உறவின்போது வலிக்கும். புருசன் இதைப் பார்த்து, "இவளுக்கு என்மேல் பிரியம் போயிடுச்சு" என்று நினைத்துக்கொள்கிறான். பிரியம் போகவில்லை. மருந்து செய்யும் வேலை அது. வறட்சிக்கு மருந்துக் கடையில் தண்ணீர்த் தன்மையுள்ள வழுவழுப்பு ஜெல் கிடைக்கும். நிரோத் போடும்போது எண்ணெய் தடவினால் அது கிழிந்துவிடும். ஹார்மோன் உள்ள கிரீம், மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் வாங்கக்கூடாது.

மாதவிலக்கு நின்றாலும் கர்ப்பம் தரிக்கலாம். சிகிச்சை நடக்கும்போது கர்ப்பம் ஆகக்கூடாது, மருந்து குழந்தையைப் பாதிக்கும். ஆனால் கருத்தடை மாத்திரை இவர்களுக்கு ஆகாது. நிரோத், காப்பர் டி இவற்றில் எது சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீமோ ஏறின சில நாட்களுக்கு நிரோத் கட்டாயம்.

அந்தப் பக்கக் கை வீங்கினால் உடனே காட்டவேண்டும். முள் குத்தாமல், வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சொல்லிக்கொடுத்த கைப்பயிற்சியை விடக்கூடாது. தண்ணீர்க் குடத்தையும் விறகுக் கட்டையும் கொஞ்ச காலம் புருசன் தூக்கினால், அதைவிடப் பெரிய ஆறுதல் வேறு வேண்டியதில்லை.

உறவு என்றால் அது மட்டுமே இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவது, கட்டு மாற்றும்போது பக்கத்தில் இருப்பது, ராத்திரி கையைப் பிடித்துக்கொண்டு படுப்பது, இதெல்லாமும் அதுதான். தழும்பை எப்போது காட்டுவது என்பது அவள் முடிவு. முதலில் அவளே தனியாகக் கண்ணாடியில் பார்க்கட்டும். பிறகு மனசு வரும்போது அவருக்குக் காட்டட்டும். அவசரப்படுத்த வேண்டாம். அவளுக்கு இஷ்டமில்லாமல் தொட யாருக்கும் உரிமை இல்லை, நோய் வந்தவளிடமும் இல்லை, வராதவளிடமும் இல்லை.

ஜாக்கெட்டுக்குள் பஞ்சிலோ பருத்தி நூலிலோ செய்த மார்பு வைத்துக்கொள்வது சிலருக்குத் தைரியம் தரும். சிலருக்கு அது வேண்டாம். அமெரிக்காவில் ஆட்ரி லார்டு என்ற கவிஞர் 1978-ல் மார்பை எடுத்த பிறகு, "ஊர் கண்ணுக்காக நான் ஏன் மறைக்கவேண்டும்?" என்று கேட்டு அதை வைக்காமலே இருந்தார். இரண்டும் சரிதான். வைப்பதும் விடுவதும் அவரவர் சௌகரியம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லாமல், சாப்பிடப் பிடிக்காமல், செத்தால் தேவலை என்று தோன்றினால் அதுவும் ஒரு நோய்தான். அதற்கும் வைத்தியம் உண்டு. 104-க்கு போன் செய்யலாம். மனநல ஆலோசனைக்கு 14416 இருக்கிறது. புருசன்மாரும் செய்யலாம். அவர்களும் அழமுடியாமல்தான் திண்ணையில் படுக்கிறார்கள். ஆனால் நோய் வந்தவளை அடிக்கிறவன், அம்மா வீட்டுக்குத் துரத்துகிறவன் உண்டு. அது இரண்டு பேர் பேசித் தீர்க்கும் விஷயம் இல்லை. குழு எழுந்து போய் நிற்கவேண்டிய இடம் அது. 181-க்குச் சொல்ல வேண்டிய விஷயம்.

நம் குழு என்ன செய்யலாம்?

1989-ல் நம் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழு ஆரம்பித்தபோது, பெண்கள் கூடிப் பணம் பேசுவதையே ஊர் சிரித்தது. அப்புறம் சாராயத்தைப் பற்றிப் பேசினோம். பொம்பளைப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி, சின்ன வயசுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசினோம். ஒவ்வொன்றும் முதல் தடவை பேசும்போது வெட்கமாகத்தான் இருந்தது.

ஆகவே கூட்டமைப்பு முன்னால் மூன்று யோசனை வைக்கிறேன். தீர்மான நோட்டில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, 30 வயது தாண்டிய ஒவ்வொரு உறுப்பினரும் வருசம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பைக் காட்டிவிட்டு வரவேண்டும். 2023 நவம்பரில் வாய், மார்பு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அரசு வீடுவீடாகச் சொல்லிச் சோதனை ஆரம்பித்த 4 மாவட்டத்தில் திருப்பத்தூரும் ஒன்று. புதூர்நாடு, நெல்லிவாசல் பக்கத்து நம் சொந்தக்காரப் பெண்களிடம் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைப் புதுப்பித்து வையுங்கள். மார்பு ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் அது உதவும்.

இரண்டாவது, நம்மில் ஒருத்தி ஆபரேஷனுக்குக் கீழே போனால், ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர் ஒருவர் போய்ப் பக்கத்தில் உட்காரவேண்டும். பஸ் செலவைக் கூட்டமைப்பு பொதுநிதியில் கொடுக்கலாம். டெரெஸ் லாசர் செய்ததை ஜமுனாமரத்தூர்க்காரி செய்யமுடியாதா?

மூன்றாவது, அந்த வீட்டு ஆணிடம் பேச ஒரு ஆண் வேண்டும். இதைத் தாண்டி வந்த ஒரு புருசன் போய், "பயப்படாதப்பா, தொட்டா ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால் அது நாம் பத்துத் தடவை சொல்வதற்குச் சமம்.

நாம் வருசா வருசம் கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போகிறோம். மலைமேல் தீபம் ஏற்றுவதற்குச் சற்று முன்னால் அர்த்தநாரீஸ்வரர் கொஞ்ச நேரம் வெளியே வந்து காட்சி கொடுத்துவிட்டு உள்ளே போவார். அந்தச் சில நிமிசத்துக்காக லட்சம் பேர் காத்துக்கிடக்கிறோம். பாதி ஆண், பாதி பெண். அந்த உடம்பில் ஒரு பக்கம்தான் மார்பு. குறை என்று யாரும் சொன்னதில்லை. கையெடுத்துக் கும்பிடுகிறோம்.

அந்த அக்கா கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். அவர் வீட்டுக்காரர் சொன்னதை நான் அவரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. புளியங்கொட்டையைப் பொறுக்கிக்கொண்டே இருந்தார். ஒரு மாதம் இருக்கும், கூட்டத்துக்கு வந்தவரிடம் தனியாகக் கேட்டேன். "அன்னிக்கு ராத்திரி நானே போயி, சாரல் அடிக்குது உள்ள வாங்கன்னேன். வந்துட்டாரு. விடியவிடியப் பேசினோம்" என்றார். பிறகு சந்தா நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "மொதல்லயே கேட்டிருந்தா ஒரு வருசம் மிச்சமாயிருக்கும்."

நம்மில் இன்னொருத்திக்கு அந்த ஒரு வருசம் வீணாகக்கூடாது.